தோட்டத்தில் மர டெக்: கடற்கரை ஊர்க்காரர்கள் தாங்களே போட

டெக், அதாவது தரைக்கு மேலே தூக்கிப் போடும் மரத் தளம், போடும் ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் மேல் பலகையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், என்ன மரம், என்ன கலர், எந்த பாலிஷ் என்று. புதுச்சேரி, கடலூர் பக்கம் டெக் கெட்டுப்போவது மேலே இருந்து இல்லை, அடியில் இருந்து. கரையான், தேங்கும் ஈரம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஸ்க்ரூ, இந்த மூன்றும்தான் எதிரி. கையில் காசு குறைவு என்றால் பலகையில் மிச்சம் பிடியுங்கள், அடியில் பிடிக்காதீர்கள்.

முதல் தடவைக்கு 10 அடிக்கு 8 அடி போதும், நாலு நாற்காலியும் ஒரு டீப்பாயும் தாராளமாகக் கொள்ளும். வீட்டுச் சுவரில் ஒட்டாமல் அரை அடி தள்ளித் தனியாக நிற்கட்டும், ஒட்டினால் சுவரின் ஈரமும் கரையானும் நேராக மரத்துக்கு வந்துவிடும். வேலையை மாசி, பங்குனியில் தொடங்குங்கள். அக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் தெருவிலேயே தண்ணீர் நின்றது. உங்கள் தெருவில் அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு அதற்கு மேல் டெக்கின் உயரத்தை வையுங்கள்.

கால்களுக்கு மரம் வேண்டவே வேண்டாம். வேலி போட விற்கிறார்களே கருங்கல் கால், அதில் இரண்டரை அடித் துண்டுகளாக 12 வாங்குங்கள். நாலு நாலாக மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை 4 அடி. ஒன்றரை அடி மண்ணுக்குள், ஒரு அடி வெளியே. கோரிமேடு பக்கத்துச் செம்மண் என்றால் குழியில் கல்லை நிறுத்தி ஜல்லிக் கான்கிரீட் கொட்டினால் சரி. கடலோர மணல் என்றால் குழியை அகலமாக வெட்டி, அடியில் அரை அடி கான்கிரீட் மெத்தை போட்டு அதன்மேல் கல்லை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்குள் ஒரு மூலை இறங்கிவிடும்.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 3 அடி, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா பாருங்கள். மட்டத்துக்கு ரசமட்டம் போதாது, 10 அடி தூரத்துக்கு அது ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டம்தான் சரி. தண்ணீர் நிரப்பிய குழாயில் காற்றுக் குமிழி ஒன்று நின்றால்கூட அளவு தப்பும், அதனால் குழாயைத் தூக்கிப் பிடித்துத் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். கல் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வருவதற்கே ஒரு நாள் போய்விடும், போகட்டும்.

மரவாடிக்குப் போகும்போது கணக்கோடு போங்கள். 4க்கு 3 இன்ச் கட்டை 10 அடியில் 3, அதன்மேல் குறுக்காக 3க்கு 2 சட்டம் 8 அடியில் 9, மேலே 4 இன்ச் அகலம் 1 இன்ச் கனப் பலகை 10 அடியில் 23. மொத்தம் 12 கன அடி வரும், சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து 13 சொல்லுங்கள். வேங்கை நல்ல தேர்வு, தேக்கு வாங்க முடிந்தால் வாங்குங்கள். மாமரம், ரப்பர் மரம் பக்கமே போக வேண்டாம். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் வரும் பனஞ்சட்டம் சட்டத்துக்கு அருமையாக இருக்கும், ஆனால் ட்ரில் போடாமல் ஸ்க்ரூ இறங்காது. பழைய மரத்தில் காந்தம் ஓட்டி ஆணி இருக்கிறதா பார்த்துவிட்டு ரம்பம் வையுங்கள்.

வாங்கிய மரத்தை நிழலில், இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரப் பட்டை) வைத்து, இரண்டு வாரம் அடுக்கிவிடுங்கள். அப்புறம் அடிக்கட்டைகளுக்கும் சட்டங்களுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். பண்ருட்டி பக்கம் கிடைக்கும், படகுக்குப் பூசும் அதே கருப்பு எண்ணெய், கரையானும் அண்டாது. கையுறை இல்லாமல் தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்து கொப்பளிக்கும். மேல் பலகைக்கு இது ஆகாது, வெறுங்காலோடு நடக்கிற இடம்.

கல் தலையில் பழைய டயர் டியூப் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல்தான் கட்டை உட்கார வேண்டும், கல்லின் ஈரம் மரத்துக்கு ஏறாது. கட்டையைக் கல்லோடு எல் வடிவப் பட்டை, கல்லில் துளைத்து இறுக்கும் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டங்கள் 15 இன்ச்சுக்கு ஒன்று.

ஸ்க்ரூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று கேட்டால் பெரும்பாலும் 304 ரகம்தான் தருவார்கள், கடற்கரை ஊரில் அதிலும் பழுப்புக் கறை வரும். 316 என்று கேட்டு வாங்குங்கள், இரண்டரை இன்ச், 8 நம்பர், சட்டம் ஒவ்வொன்றிலும் பலகைக்கு இரண்டு வீதம் 414 வரும். ஒவ்வொன்றுக்கும் 3 எம்.எம். பிட்டால் முதலில் துளை போட்டாக வேண்டும், குறிப்பாகப் பலகை முனையில், இல்லாவிட்டால் பிளந்துவிடும். பலகைக்கு நடுவே 2 நூல் இடைவெளி (ஒரு நூல் என்றால் அரைக்கால் இன்ச்), கால் இன்ச் ப்ளைவுட் துண்டை நடுவில் செருகிக்கொண்டே போனால் எல்லாம் ஒரே சீராக வரும். மரம் இன்னும் ஈரமாகத் தெரிந்தால் 1 நூல் போதும், காய்ந்ததும் தானாக விலகும். முனைகளை முன்கூட்டியே அறுக்காதீர்கள், எல்லாப் பலகையும் பதித்த பிறகு கயிறு பிடித்துக் கோடு போட்டு ஒரே ஓட்டமாக அறுங்கள்.

உயரம் 20 இன்ச் வருவதால் ஏற ஒரு படி வேண்டும், கருங்கல் பலகை ஒன்றைப் போட்டால் ஆயிற்று. சுற்றிலும் பலகை அடித்து மூடிவிடாதீர்கள், அடியில் காற்று போக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மேல் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றலாம், தண்ணீரில் நனைத்துவிட்டுப் போடுங்கள். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துக் கல் கால்களைப் பாருங்கள். கரையான் கல்லைத் தின்னாது, ஆனால் கல்மேல் மண் கோடு போட்டுக்கொண்டு ஏறும், கண்ணில் பட்ட உடனே சுரண்டிவிட்டு மருந்து வையுங்கள்.