ஐசோடைப் கன்ட்ரோல்: எடைக்கல்லே பழுதானால்?

செல்களில் ஒளிரும் சாயமேற்றிய ஆன்டிபாடிகளை ஒட்டி, ஒவ்வொரு செல்லின் ஒளியையும் அளப்பது ஃப்ளோ சைட்டோமெட்ரி. அதைச் செய்யும் ஆய்வகங்களில், ஐசோடைப் கன்ட்ரோல் என்ற ஒப்பீட்டு ஆன்டிபாடியைக் கடமைக்கு ஒரு குழாயில் கலந்து வைக்கும் வழக்கம் உண்டு. ஆய்வேட்டில் அந்த வரைபடம் இருந்துவிட்டால் தேர்வாளர் வாய் திறக்கமாட்டார் என்பது நம்பிக்கை. ஆனால் அது தராசின் எடைக்கல். கல்லே பழுது என்றால் நிறுத்த சரக்கு முழுதும் தப்புத்தான்.

ஆன்டிபாடி தன் இலக்கில் மட்டும் ஒட்டுவதில்லை. அதன் வால்போன்ற எஃப்.சி. பகுதியை மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் தம் ஏற்பிகளால் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பொய்யொளி எவ்வளவு என்று காட்டத்தான் ஐசோடைப் கன்ட்ரோல். அதே விலங்கு, அதே வகை, அதே சாயம். மாதிரியில் அதற்கு இலக்கு மட்டும் இருக்காது. சுண்டெலி ஆன்டிபாடிகளில் ஐ.ஜி.ஜி.1 என்ற உள்வகைக்குப் பலரும் வாங்கும் எம்.ஓ.பி.சி.-21 அப்படிப்பட்டது; அதே பெயருள்ள சுண்டெலிக் கட்டியிலிருந்து வந்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைக்கும் ஹைப்ரிடோமா முறையை அறிவித்தபோது பயன்படுத்திய மைலோமா புற்றுச்செல்களும் இதே கட்டியின் வழித்தோன்றல்களே.

அடிக்கடி நடக்கும் தவறு, 'சுண்டெலி ஐ.ஜி.ஜி.' என்பதோடு பொருத்தத்தை முடித்துக்கொள்வது. மனித ரத்தத்தில் டி செல்களின் அடையாளமான சி.டி.3 பார்க்க யு.சி.எச்.டி.1 குளோனும் (ஒரே செல்வழியில் வந்த ஆன்டிபாடி) உண்டு, ஓ.கே.டி.3 குளோனும் உண்டு. முன்னது ஐ.ஜி.ஜி.1, பின்னது ஐ.ஜி.ஜி.2ஏ. முன்னது தீர்ந்ததால் அதற்குப் பதில் பின்னதை வாங்கியவர், கன்ட்ரோலை மாற்ற மறந்துவிடுவார். மோனோசைட்டின் சி.டி.64 ஏற்பி சுண்டெலி ஐ.ஜி.ஜி.2ஏ-வை இறுகப் பிடிக்கும், ஐ.ஜி.ஜி.1-ஐ ஏறிட்டும் பார்க்காது. கன்ட்ரோல் குழாய் இருண்டிருக்கும், மோனோசைட்டுகள் சி.டி.3 உள்ளவைபோல மின்னும். புதிய செல்வகையைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளுவதற்கு முன் புட்டியின் சீட்டைப் படிப்பது நல்லது.

அடுத்தது அளவு. இரண்டிலும் 5 மைக்ரோலிட்டர் ஊற்றினால் சமம் என்று நினைப்பார்கள். ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம், கன்ட்ரோல் 0.5 மில்லிகிராம் என்றால், முதலாவதில் 1 மைக்ரோகிராமும் இரண்டாவதில் 2.5 மைக்ரோகிராமும் போகும். கன்ட்ரோலில் 2 மைக்ரோலிட்டர் போதும். ஒரு மூலக்கூறில் எத்தனை சாயம் ஏறியிருக்கிறது என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குவதே உத்தமம்.

ஒளிர்வது எது, ஒளிராதது எது என்று ஐசோடைப்பை வைத்து எல்லைக்கோடு போடுவதையும் விட்டுவிடலாம். பல நிறங்கள் சேரும்போது ஒன்றின் ஒளி மற்றொன்றில் கசியும். அந்தக் கசிவை இது காட்டாது. கோட்டுக்கு, ஒரு சாயத்தை மட்டும் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் சேர்க்கும் எஃப்.எம்.ஓ. குழாய்தான் வழி. செத்த செல்கள் எதையும் ஒட்டவைத்துக்கொள்ளும்; அவற்றை உயிர்ச்சாயத்தால் விலக்குங்கள். எஃப்.சி. ஏற்பிகளை முன்பே அடைத்துவிடுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் பொய்யொளியைப் பார்ப்பதே ஐசோடைப்பின் வேலை.

குளிர்பெட்டிக்கு வருவோம். ஆன்டிபாடிப் புட்டி அடிக்கடி தீரும், புதிது வரும். கன்ட்ரோல் புட்டியோ நமக்கு முன் முனைவர் பட்டம் வாங்கிச் சென்றவர் காலத்தது. இரண்டும் ஒரே வயதுடையவை என்று பாவித்து ஒப்பிடுகிறோம்! பி.இ., ஏ.பி.சி. சாயங்கள் புரதங்கள், உறையவைத்தால் குலைந்துவிடும். 2 முதல் 8 டிகிரியில், இருட்டில் வையுங்கள். பி.இ.-சை7 போன்ற இரட்டைச் சாயம் வெளிச்சம் பட்டுச் சிதைந்தால், ஒளி பி.இ. பக்கம் தாவி அங்கே பொய் சொல்லும். சாயமேற்றாத ஆன்டிபாடியைச் சிறு பங்குகளாக உறையவைக்கலாம். ஆனால் பனியைத் தானே உருக்கும் ஃப்ரீசரில் வேண்டாம், அதன் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நீர்த்ததை மிச்சம் வைக்காதீர்கள். புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டிக் குறைந்துபோகும்.

கடைசியாக சோடியம் அசைடு. பல புட்டிகளில் கிருமி வளராமலிருக்கச் சேர்ப்பது இது. உயிருள்ள செல்லின் சுவாசத்தையும் இது முடக்கும். அதனால் உயிருள்ள விலங்குக்குச் செலுத்தும்போது கவனம் வேண்டும். சுண்டெலிக்கு ஆர்.எம்.பி.1-14 என்ற எலி ஐ.ஜி.ஜி.2ஏ ஆன்டிபாடியை (பி.டி.-1 என்ற புரதத்தில் ஒட்டுவது) செலுத்தினால், கன்ட்ரோல் குழுவுக்கு வெறும் உப்புக்கரைசல் போதாது. 2ஏ3 போன்ற எலி ஐ.ஜி.ஜி.2ஏ, அசைடு இல்லாததாக, அதே அளவில் செல்ல வேண்டும். அசைடு இல்லாத புட்டிக்குக் காவல் இல்லை என்பதால், அதைத் தூய காற்று மேடையில் மட்டுமே திறக்க வேண்டும்.