கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமல் இருக்க

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் டெல்டாவில் கரண்ட் போவதற்கும் வருவதற்கும் கணக்கே கிடையாது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டினால் போதும், ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி (வைஃபை தருவதும் இதுதான்) அணைந்து, மறுபடி எழுந்து, லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். வீடியோ அழைப்பும் பாதி வந்த ஃபைலும் அதோடு போயிற்று.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அதில் யுபிஎஸ் முறை, சாதா முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதா முறையில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தில் ஓஎன்டி அணைந்துவிட வாய்ப்பு அதிகம். யுபிஎஸ் முறையில் மாற்றம் வேகமாக நடக்கும், ஆனால் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கினாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும். மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்காத ஆண்டுகளில் குறுவைக்கு போர் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது கிராமத்து வோல்டேஜ் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கரண்ட் இருக்கும்போதே பேட்டரி கரைந்து, உண்மையில் போகும்போது கைவிடும். ஓஎன்டியின் அடாப்டரோ 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் வேலை செய்யும். ஆகவே காவலை அடாப்டருக்குப் பின்னால், 12 வோல்ட் பக்கத்தில் வைப்பதே சரி. அதற்குத்தான் மினி யுபிஎஸ், அடாப்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவே வைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பவர்பேங்கிலிருந்து 12 வோல்ட் தரும் யுஎஸ்பி கேபிள் மலிவாகக் கிடைக்கும். கரண்ட் போனதும் அதில் ஓஎன்டியை ஓட்டி, விளக்குகளைப் பாருங்கள். லைன் பிடித்ததைக் காட்டும் பிஓஎன் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து, இணையமும் வந்தால் மினி யுபிஎஸ் பலன் தரும். ஃபைபரில் சிக்னல் இல்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் கரண்ட் இல்லாமல் அணைந்தது கேபிள்காரரின் பெட்டி. அவர் பேட்டரி வைக்காதவரை நீங்கள் எதை வாங்கினாலும் வீண். (பெரிய நிறுவனங்கள் தரும் ஜிபிஓஎன் வகை இணைப்பில், ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. கம்பத்தில் சுவிட்ச் வைத்து நடத்தும் சிறிய இணைப்புகளில்தான் இந்தத் தொல்லை.) இந்தக் கேபிளையே நிரந்தரமாக்க வேண்டாம். சார்ஜ் தொடங்கும்போதும் நிற்கும்போதும் பல பவர்பேங்குகள் ஒரு கணம் விட்டுத்தான் பிடிக்கும்.

அடுத்து அடாப்டரைப் புரட்டிப் படியுங்கள். 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் என்றிருக்கும். வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் கூடினால் கேடில்லை. பின் அளவையும் பாருங்கள். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் துளை 2.1 அல்லது 2.5. பெட்டியில் 2.1 இருக்க, 2.5 பின்னைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் கை பட்டாலே ஓஎன்டி அணைந்து அணைந்து வரும். ஓஎன்டி கெட்டுவிட்டது என்று மாற்றச் சொல்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் துளையைத்தான்.

மினி யுபிஎஸ் விற்பவர்கள் எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர்) கணக்கில் ஏமாற்றுவார்கள். 6000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு, அதாவது 22 வாட்-அவர். 12 வோல்ட்டாக ஏற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 18 அல்லது 19 நிற்கும். ஓஎன்டி 8 வாட் இழுத்தால் இரண்டேகால் மணி நேரம். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றிலேயே 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அது பொய், கடையை மாற்றுங்கள்.

இரவு முழுக்க வேண்டுமென்றால் 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடுங்கள். அதற்குள் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) கட்டாயம் இருக்கவேண்டும். 77 வாட்-அவர் வரும், எட்டு மணி நேரம் தாங்கும். ஆனால் சார்ஜ் ஆகும்போது இந்த வகை 14.6 வோல்ட் வரை ஏறும், தீரும்போது 12-க்குக் கீழே இறங்கும். ஆகவே இடையில், வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவில் தரும் பக்-பூஸ்ட் மாட்யூல் ஒன்று வைத்து, ஓஎன்டியை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரால் 12.0-க்குத் திருகி வையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 3 ஆம்பியர் ஃபியூஸ். மாட்டுமுன் பின்னின் நடுவே பாசிட்டிவ்தானா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். மாறினால் ஓஎன்டி புகைந்துவிடும்.

மழைக்காலத்தில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் 230-க்கு மேல் வெகுதூரம் ஏறும், அடாப்டர்தான் முதல் பலி. அதே அளவில் ஒரு அடாப்டர் கையிருப்பு வையுங்கள். இன்னொன்று இடி. ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கிவரும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வெளிச்சுவர்க் கொக்கியோடு நிறுத்தி, ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். கொல்லையிலிருந்து வயலின் பம்புசெட் கேமராவுக்கு செப்பு லேன் கேபிள் இழுக்கவே வேண்டாம். பக்கத்தில் விழும் இடியே இரு முனையையும் கொன்றுவிடும். இரு பக்கமும் லேனை ஃபைபராக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து ஃபைபர் போடுங்கள். தூரம் 100 மீட்டரைத் தாண்டினால் செப்பு எப்படியும் ஒத்துவராது.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் கனமானது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்ட மாட்டாமல் திணறும். ஓஎன்டியை ரேழியில் ஆணியடித்து விடாமல் முற்றத்தைப் பார்த்த கூடத்துச் சுவரில், சாரல் படாத உயரத்தில் மாட்டினால் எதிர்க்கட்டு வரை சிக்னல் போகும். ஃபைபரை மூலையில் மடக்காதீர்கள், வளைவின் ஆரம் 3 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பிறகு பிரவுசரில் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, வந்துசேரும் ஒளியின் அளவான ஆப்டிகல் பவரைப் (டிபிஎம் கணக்கில் இருக்கும்) பாருங்கள். மைனஸ் 15-க்கும் 25-க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் மழை நாளில் லைன் விட்டுவிட்டுத்தான் வரும், கேபிள்காரரிடம் அந்த எண்ணையே சொல்லிப் புகார் கொடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் மாதிரி ஒன்று வந்தால் இதெல்லாம் உதவாது. கம்பத்தோடு ஃபைபரும் சாய்ந்துவிடும். அப்படி எச்சரிக்கை வந்த அன்று அடாப்டரையும் லேன் கேபிளையும் பிடுங்கி வைத்து, பேட்டரியை முழுக்க ஏற்றி, அதை போன் சார்ஜுக்கு ஒதுக்குங்கள்.