மோட்டார்ஹோம் கீசரை மாற்றும்போது கூலன்டில் செய்யும் தவறுகள்

டர்பனில் குளிர்காலம் என்றால் ஒரு ஸ்வெட்டரோடு சரி. ஜூலை விடுமுறைக்கு மோட்டார்ஹோமை எடுத்துக்கொண்டு டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக்குப் போனால்தான் தெரியும், காலையில் புல் முழுக்க உறைபனி. அங்கே குழாயில் வெந்நீர் வராவிட்டால் பழி முழுக்க வண்டி ஓட்டி வந்தவர் தலையில் விழும். அதனால் மே மாதமே பழைய கீசரைக் கழற்றிப் புதிதை மாட்டும் வேலையில் பலர் இறங்கிவிடுகிறார்கள்.

கீசர் என்றதும் தண்ணீர், கேஸ், கரன்ட் ஆகிய மூன்றும் நினைவுக்கு வரும். சில வண்டிகளில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாகப் பின்பக்கம் வந்து, கீசருக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஓடி, மறுபடி முன்னால் போய்ச் சேரும். வண்டி ஓடும்போதே தண்ணீர் சூடாகிவிடும், கேஸ் மிச்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிப்பட்ட கீசரைக் கழற்றுகிறவர் எஞ்சினையும் சேர்த்துத் திறக்கிறார். படுக்கைக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டிக்கும் பானெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

சூடான எஞ்சினில் கை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் வரும் தவறுதான் நுணுக்கமானது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து, மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாதவருக்கு ஹோஸைப் பிடுங்கியதும் முகத்தில் பீய்ச்சும். திறந்த மூடியை உடனே இறுக மூடவும் வேண்டும். மூடி திறந்தே இருந்தால் மேலிருந்து காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கீழே கூலன்ட் கொட்டிக்கொண்டே இருக்கும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே இருக்கும் ஜூஸ் கீழே விழாமல் நிற்கிறதே, அதே கணக்கு.

எவ்வளவு கொட்டும்? உள்விட்டம் 16 மில்லிமீட்டர் இருக்கும் ஹோஸில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 200 மில்லி நிற்கும். போக 7 மீட்டர், வர 7 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 3 லிட்டர். அதோடு எஞ்சின் பக்கத்திலிருந்தும் இறங்கி வரும். இதைத் தடுக்க, கழற்றுவதற்கு முன்பே இரண்டு ஹோஸ்களையும் கீசருக்குப் பக்கத்தில் ஹோஸ் கிளாம்ப் போட்டு நெரிக்க வேண்டும். பல் வைத்த இடுக்கியால் நெரித்தால் பழைய ரப்பர் உள்ளே கிழியும், கிழிந்தது வெளியே தெரியாது. ஸ்பிகாட்டில், அதாவது ஹோஸ் மாட்டியிருக்கும் சுருளின் கழுத்தில், ஒட்டிப்போன ஹோஸை முறுக்கி இழுப்பதும் வேண்டாம். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். ஹோஸின் நுனி போனால் சில்லறைச் செலவு, சுருளின் கழுத்து ஒடிந்தால் கீசரே போச்சு.

இன்னொன்று, சுருளுக்குள்ளும் கூலன்ட் நிற்கும். அதன் இரண்டு வாயையும் அடைக்காமல் கீசரைச் சாய்த்து வெளியே எடுத்த அன்று, என் வண்டியின் படுக்கையும் கார்பெட்டும் பச்சையாகிவிட்டன. வாசனை போக ஒரு மாதம் பிடித்தது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பல வீடுகளின் டிரைவ்வே செங்குத்தாக இருக்கும். வண்டியை நிறுத்தும்போது அலுத்துக்கொள்கிறோம், இந்த வேலைக்கு மட்டும் அது வரம். கழற்றும்போது வண்டியின் மூக்கு கீழ்நோக்கி இருக்கட்டும்: கீசர் பக்கம் உயர்ந்து, கூலன்ட் முன்னால் தங்கும். திரும்ப நிரப்பும்போது திருப்பி நிறுத்தி மூக்கை மேலே தூக்குங்கள்: ஊற்றும் வாய் உயரத்தில் இருந்தால் காற்று அதன் வழியே வெளியேறும். இரண்டு வேலைக்கும் ஒரே நிலையில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். எந்த நிலையிலும் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகாதீர்கள்.

கொட்டியதை ஈடுகட்ட வழியில் ஏதாவது ஒரு கராஜில் கிடைக்கும் பாட்டிலை வாங்கி ஊற்றுவது அடுத்த தவறு. நிறத்தைப் பார்த்து வாங்குவது அதைவிட மோசம். பச்சை, நீலம், சிவப்பு என்பதெல்லாம் தயாரிப்பவர் கலக்கும் சாயம், உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் விஷயம். வகை மாறிக் கலந்தால் அந்த மருந்தின் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழாகவும் ஆகும். வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் சொல்லியிருக்கிறதோ, அதே தரம் பாட்டிலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

‘டர்பனில் எங்கே பனி, வெறும் தண்ணீர் போதும்’ என்று சொல்கிற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வண்டி டர்பனிலேயே நிற்கப்போவதில்லையே! தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், அந்த விரிவைக் கீசரின் மெல்லிய சுருள் தாங்காது. கூலன்டும் அயனி நீக்கிய தண்ணீரும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலந்தே விற்கும் பாட்டிலில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள்.

புதுக் கீசரில் சுருள் இல்லாவிட்டால், மீந்த இரண்டு ஹோஸ்களையும் ஒரு உலோக ஜாயினரால் இணைத்து வளையமாக்கிவிடலாம். போல்ட் வைத்து அடைப்பதைவிட இதுதான் பத்திரம், ஏனென்றால் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைக்கும் வால்வு) மூடியிருக்கும் நேரத்தில் இந்த வழியின் ஓட்டமும் தேவைப்படும். தோட்டத்து ஹோஸுக்கு விற்கும் பிளாஸ்டிக் ஜாயினரைப் போடாதீர்கள். 90 டிகிரிச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அது செய்யப்பட்டதல்ல.

காற்றை வெளியேற்றாமல் கிளம்புவதுதான் எனக்குத் தெரிந்து எஞ்சினையே பலி வாங்கக்கூடிய தவறு. சுருளுக்குள் புனல் வைத்து முதலிலேயே கூலன்ட் நிரப்பிவிட்டு ஹோஸை மாட்டினால் பாதி வேலை முடிந்தது. பிறகு கிளாம்புகளை எடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, ஹோஸ்களைக் கையால் பிசைந்துகொடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் களகள சத்தம் கேட்டாலோ, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தாலோ உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. சூட்டு முள்ளை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதுகூட முள் கீழேயே கிடக்கலாம். தட்டையான சாலையில் இது வெளியே தெரியாது. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது தெரியும்.

கழற்றிய பழைய கீசரும் ஒரு சேதி சொல்லும். சுருள் ஓட்டையானால், வண்டியின் தண்ணீர் பம்ப் ஓடும்போது குழாய்த் தண்ணீரின் அழுத்தம் 2 முதல் 3 பார், கூலன்டின் அழுத்தம் சூட்டில் 1 பார் அளவு. ஆகவே தண்ணீர்தான் கூலன்டுக்குள் போகும். ஊற்றாமலே எக்ஸ்பான்ஷன் டேங்கில் (பானெட்டுக்கு அடியில் கூலன்ட் மட்டம் காட்டும் தொட்டி) மட்டம் ஏறினால் இதைச் சந்தேகியுங்கள். பம்பை நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டால் திசை மாறி, கூலன்ட் குளிக்கிற, குடிக்கிற தண்ணீரில் கலக்கும். பல கூலன்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். சுவைத்துப் பார்க்கவே கூடாது. தரையில் சிந்தியதை நாய் நக்கினாலும் ஆபத்து, உடனே துடைத்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வடித்ததை மூடியுள்ள கேனில் பிடித்து, அபாயகரமான கழிவை ஏற்கும் இடத்தில் கொடுங்கள். தெரு ஓரத்து மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். பழைய எஞ்சின் ஆயிலோடு கலந்தால் அந்த ஆயிலும் வீணாகிவிடும்.

எஞ்சின் சூட்டில் வரும் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டலாம். கேஸில் காயும்போது இருப்பதைவிட இது அதிகம், குழந்தையின் கையை நொடியில் சுட்டுவிடும். ஆகவே புதுக் கீசரோடு வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் தெர்மோஸ்டாட்டிக் வால்வு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கேஸ் இணைப்பை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம், பதிவு பெற்றவரிடம் செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, டீ போடுவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே கூலன்டை ஊற்றுங்கள். படுக்கைக்கு அடியில் ஒரு காகிதத்தை விரித்துவைத்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், ஈரம் பட்டிருக்கிறதா என்று.