‘தறி’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு கான்கிரீட் கவிதை செய்து சுவரில் மாட்டுவது எப்படி?

1956 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவுலோ நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தேசியக் கான்கிரீட் கலைக் கண்காட்சி தொடங்கியபோது, ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் அருகிலேயே கவிதைகளும் சுவரொட்டிகளாகத் தொங்கின. எழுத்துகள் தாளில் நிற்கும் இடமே பொருள் தரும் இவ்வகைக் கவிதைதான் கான்கிரீட் கவிதை. 1952இல் நொய்காந்த்ரெஸ் என்ற குழுவைத் தொடங்கிய அகுஸ்டோ டி காம்போஸ், அவருடைய அண்ணன் அரோல்டோ டி காம்போஸ், டெசியோ பிக்னதாரி ஆகிய மூவரும் அதில் பங்கேற்றார்கள். 1957 பிப்ரவரியில் கண்காட்சி ரியோ டி ஜெனிரோவுக்குச் சென்றது. நின்று பார்க்கவும் வாசிக்கவும் ஒருசேர இடம் தரும் அத்தகைய ஒரு தாளை நம் எழுத்தில் நாமே செய்வதற்கான வழிமுறையைக் கீழே தருகிறேன். முன்பயிற்சி எதுவும் தேவையில்லை. கணினியும் ஒரு ஏ3 தாளும் போதும்.

தொடங்குமுன் ஒரு தெளிவு வேண்டும். மரத்தைப் பற்றிய வரிகளை மர வடிவில் அடுக்குவதைக் கான்கிரீட் கவிதை என்று பலர் நினைக்கிறார்கள். அது வடிவக் கவிதை. அதில் உருவம் சொற்களுக்கு ஒரு சட்டை மட்டுமே. செய்யுளின் எழுத்துகளை ஒரு படத்துக்குள் அடைக்கும் நம்முடைய சித்திரகவியும் கான்கிரீட் கவிதையிலிருந்து வேறுபட்டது. நாகபந்தத்தில் அமைந்த செய்யுளைப் பாம்புப் படத்திலிருந்து பிரித்தெடுத்தாலும் அது முழுச் செய்யுளாகவே நிற்கும். கான்கிரீட் கவிதையில் இடஅமைப்பை நீக்கினால் எதுவும் மிஞ்சாது. சுவிட்சர்லாந்துக் கவிஞர் ஆய்கன் கோம்ரிங்கர் 1950களில், மௌனம் என்று பொருள்படும் ‘சிலென்சியோ’ என்ற ஸ்பானியச் சொல்லை ஐந்து வரிகளில், வரிக்கு மூன்றாக, பதினான்கு முறை எழுதி, நடுவரியின் நடுவிடத்தை மட்டும் வெறுமையாக விட்டார். அந்தப் பதினைந்தாவது இடத்தில்தான் மௌனம் இருக்கிறது.

படி 1: சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. அழகான சொல்லைத் தேடாதீர்கள். ‘நிலா’, ‘காதல்’ போன்றவை பார்வையாளரின் மனத்தில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் நீங்கள் செய்வதற்கு அதில் இடமிருக்காது. எழுத்துக் குறைவாகவும் பொருள் ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் உள்ள சொல் வேண்டும். நான் ‘தறி’யை எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டே எழுத்துகள்தான். நெசவாளர் நெய்யும் தறி என்பது ஒரு பொருள், வெட்டு என்பது இன்னொரு பொருள். துணியை உண்டாக்குவதும் துண்டாக்குவதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால், இதற்கான அமைப்பை வெளியில் தேட வேண்டியதில்லை.

படி 2: கட்டம் போடுதல்

சாவ் பாவுலோக் குழுவைச் சேர்ந்த ரொனால்டோ அசெரேடோ, வேகம் என்று பொருள்படும் பத்தெழுத்துப் போர்த்துகீசியச் சொல்லைப் பத்து வரி, பத்து நிரல் கொண்ட சதுரத்தில் அமைத்தார். முதல் வரி முழுவதும் அச்சொல்லின் முதலெழுத்தே நிற்க, அடுத்தடுத்த வரிகளில் சொல் வலப்புறமிருந்து ஓர் எழுத்தாக நுழைந்து, பத்தாவது வரியில் முழுமையடைகிறது. கட்டம் தன் வேலையைச் செய்வதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை. நாம் ஆறுக்கு ஆறாகக் கட்டமிட்டு, ஒரு வரியைத் ‘த’விலும் அடுத்த வரியைத் ‘றி’யிலும் மாற்றி மாற்றித் தொடங்குவோம்.

த றி த றி த றி
றி த றி த றி த
த றி த றி த றி
றி த றி த றி த
த றி த றி த றி
றி த றி த றி த

இடமிருந்து வலமாகவும் தறி என்று வாசிக்கலாம், மேலிருந்து கீழாகவும் வாசிக்கலாம். நெடுக்கே செல்வது பாவு, குறுக்கே செல்வது ஊடை, நெசவு நிறைவடைந்துவிட்டது.

படி 3: வெட்டுதல்

இப்போது இரண்டாவது பொருளுக்கு வருவோம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை கோணல்கோடாகப் பாருங்கள். அந்த ஆறு இடங்களிலும் ‘த’ மட்டுமே இருக்கிறது. அந்த ஆறையும் அழித்துவிட்டால், துணியில் மூலைக்கு மூலை ஒரு வெட்டு விழுகிறது. பதினெட்டு ‘றி’க்கு எதிரே பன்னிரண்டு ‘த’ மட்டுமே எஞ்சுவதால், ஒவ்வொரு வரியிலும் ஒரு ‘றி’ துணையின்றி நிற்கிறது. கத்தரிக்கோல் படம் ஒன்றை ஓரத்தில் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும், தயவுசெய்து வேண்டாம்.

படி 4: கணினியில் அமைத்தல்

தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. இடைவெளிப் பொத்தானை அழுத்தி எழுத்துகளை நேராக நிறுத்த முடியாது. ‘றி’ தன் கொக்கியோடு ‘த’வைவிட அகலமாக இருப்பதால் வரிகள் கோணிப்போகும். ஆகவே சொற்செயலியில் ஆறு வரி, ஆறு நிரல் கொண்ட அட்டவணையைச் செருகி, ஓர் அறைக்கு ஓர் எழுத்தாக இட்டு, கிடையாகவும் செங்குத்தாகவும் நடுவில் நிறுத்தி, கடைசியில் கோடுகளை மறைத்துவிடுங்கள். யூனிகோடில் ‘றி’ என்பது றகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். குறி தனித்துப் போனால் அருகில் புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றும், எனவே எழுத்தை நகர்த்தும்போது முழுதாகத் தேர்ந்தெடுங்கள். பிரேசில் கவிஞர்கள் அலங்காரமற்ற ஃபியூச்சரா எழுத்துருவை விரும்பினார்கள். தமிழில் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் அந்தக் குணத்துக்கு அருகில் வரும்.

ஏ3 தாளின் அளவு 29.7 × 42 சென்டிமீட்டர். ஒவ்வோர் அறையும் 4 சென்டிமீட்டர்ச் சதுரமானால் கட்டம் 24 சென்டிமீட்டரில் அடங்கி, பக்கங்களில் ஏறக்குறைய 2.8 சென்டிமீட்டரும், மேலும் கீழும் 9 சென்டிமீட்டரும் வெள்ளையாக எஞ்சும். எழுத்தளவை 60 புள்ளியில் தொடங்கி, அறை தாங்கும் வரை கூட்டிப் பாருங்கள். எழுத்துரு மாறிவிடாமல் இருக்க, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்த பிறகே அச்சகத்துக்குக் கொடுங்கள்.

படி 5: மாட்டுதல்

வெட்டுவதற்கு முந்தைய தாளையும் வெட்டிய தாளையும் அடுத்தடுத்து மாட்டலாமா என்று கேட்டால், மாட்டாதீர்கள் என்பதே என் கருத்து. முன்னது பின்னதற்கு உரை எழுதிவிடும். வெட்டிய தாளை மட்டும், அதன் மையம் தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமையும்படி, ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுங்கள். பளபளப்புத் தாளும் கண்ணாடிச் சட்டமும் வெளிச்சத்தைத் திருப்பியடித்து வெற்றிடத்தை மறைக்கும் என்பதால் இரண்டையும் தவிருங்கள். விளக்கச் சீட்டில் உங்கள் பெயர், ஆண்டு, தாளின் அளவு ஆகிய மூன்றும் போதும். தலைப்பு தேவையில்லை, ஏனெனில் அது ஏற்கெனவே தாளில் இருக்கிறது.