இருபத்து நான்கு வயது நெற்றியில் கோடு போடாதீர்கள்

கீழக்கரையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் துபாயிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்தபோது, கல்யாணத்துக்கு முன் தலையில் முடி நட்டுக்கொண்டான். அப்போது அவனுக்கு வயது 24. மருத்துவர் நெற்றியில் பேனாவால் கோடு போடும்போது, பள்ளிக்கூடத்து ஹால்டிக்கெட் படத்தைக் காட்டி "இன்னும் ஒரு விரற்கடை கீழே" என்று கேட்டு வாங்கினானாம். இப்போது வயது 33. நட்ட முடி நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி போய்விட்டது. அரிச்சல்முனைக்கு அப்பால் கடல் நடுவே கிடக்கும் மணல்திட்டைப் போல, முன்நெற்றியில் தனியாக ஒரு கறுப்புத் திட்டு.

பின்மண்டை முடி, வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு எளிதில் அசையாத ரகம். முன்னால் கொண்டுபோய் நட்டாலும் பெரும்பாலும் அந்தக் குணம் மாறாது. பக்கத்திலிருக்கும் பழைய முடிக்கு அந்த வலு கிடையாது. அது தன் போக்கில் உதிரும். நடுவதால் வழுக்கை நிற்பதில்லை.

அதனால்தான் இளவயது அவசரத்தை முதல் தவறு என்கிறேன். நார்வுட் அளவுகோலில் ஆண் வழுக்கைக்கு 7 நிலைகள். இன்று இரண்டில் இருப்பவர் நான்கோடு நிற்பாரா, ஏழு வரை போவாரா என்று 24 வயதில் எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. அப்பா தலையை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். தாய்மாமன் தலையையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நாற்றுக் கணக்கு. பின்மண்டை ஒரு விசித்திரமான நாற்றங்கால்: பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. கோட்டை ஒரு விரற்கடை இறக்கினால் நெற்றியின் அகலம் முழுக்க அதற்கு நாற்று வேண்டும். "ஒரே தடவையில் 4,000 நாற்று" என்று யாராவது பெருமை பேசினால், நாளைக்கு மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். உச்சிச்சுழியை முதலில் நிரப்புவதும் ஆபத்து. வழுக்கை அங்கே வட்டமாக விரிந்தால் நட்டது நடுவில் நிற்கும், சுற்றி வெறும் தோல்.

நட்டாயிற்றே என்று முடி உதிர்வுக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையையும் மினாக்ஸிடில் மருந்தையும் தூக்கிப்போடுகிறார்கள். அவை காப்பது மிச்சமிருக்கும் சொந்த முடியை. நிறுத்தினால் அந்தக் காப்பும் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் பாலியல் தொல்லைகள் வருவதுண்டு. மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவும் வேண்டாம்.

விடுப்புக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நட்ட முடி சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் முளைத்து, ஓராண்டில்தான் நிறையும். எங்கள் பையனின் கல்யாணப் படங்களில் தொப்பிதான் இருக்கிறது.

இந்த விடுப்பில் வேறொரு மருத்துவரிடம் போனான். அவர் முன்நெற்றியை ஒரு நிமிடம்தான் பார்த்தாராம். பிடரியை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "தாய்மாமாவுக்கு எந்த வயதில் உச்சி தெரிந்தது?"