ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பியதும் உடம்பில் உண்ணி பார்ப்பது எப்படி?

விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து ஜீப்புகள் மலையேறிவிடும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புபவர்களுக்காகவும், தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு பக்கமும் மாடும் நாயும் வளர்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அட்டைக்குப் பயப்படும் அளவுக்கு உண்ணிக்கு யாரும் பயப்படுவதில்லை. அட்டை இரத்தத்தைக் குடித்துவிட்டுப் போய்விடும். உண்ணியும் அதன் சொந்தக்காரப் பூச்சிகளும் காய்ச்சலை விட்டுச் செல்லும்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிவது உண்ணி. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் இரத்தம் குடித்து உருண்டு திரண்டு இருப்பது அதுதான். ‘ஸ்கிரப் டைபஸ்’ காய்ச்சலைத் தருவது இதுவல்ல. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு சிற்றுயிரின் இளம்பருவம், அரை மில்லிமீட்டர்கூட இராது, எலிகள் மேல் வாழும், கடித்தால் வலிக்காது. நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது இந்தக் கண்ணுக்குத் தெரியாததைத்தான். மழை ஓய்ந்து புல் அடர்ந்திருக்கும் மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூடும். காய் எடுப்பு மும்முரமாக நடப்பதும் அப்போதுதான்.

படி 1: புறப்படும் முன்

முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் கால்சட்டை. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இராது, பரவாயில்லை. கொசுவை விரட்டும் களிம்பில் ‘டீட்’ கலந்தது கிடைத்தால் கணுக்கால், மணிக்கட்டு, கழுத்தில் தடவலாம். மதியச் சாப்பாட்டுக்கு வெறும் புல்லில் உட்காராமல் ஒரு சாக்கையாவது படுதாவையாவது விரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீட்டுக்கு வந்ததும்

தோட்டத்து உடையைக் கட்டில் மேல் போடாதீர்கள். நேராகச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பிறகு சோப்புத் தேய்த்துக் குளியல். கடிக்க இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும் பூச்சிகளில் பல இதிலேயே போய்விடும்.

குளித்த பின் நல்ல வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுகும் இடம், மார்பகத்தின் அடிப்பகுதி, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின், தலைமுடிக்குள். உங்கள் முதுகை உங்களால் பார்க்க முடியாது. வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: ஒட்டிய உண்ணியை எடுப்பது

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, ஊதுவத்திச் சூடு எதுவும் வேண்டாம். சூடும் எரிச்சலும் பட்டால் உண்ணி தன் எச்சிலைக் கடிவாய்க்குள் இன்னும் விடக்கூடும். நோய்க்கிருமி இருப்பதே அதில்தான். நுனி கூரான முள்வாங்கியால், தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேராக மேலே இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்கக் கூடாது. வாயின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் குடைய வேண்டாம், தோல் தானாகத் தள்ளிவிடும். இடத்தைச் சோப்பால் கழுவி, தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். திண்ணையில் தேய்த்துவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம். அதைத்தான் முதலில் விட வேண்டும்.

படி 4: தொழுவமும் நாயும்

மாட்டுக்குக் காதின் உட்பக்கம், அலைதாடி, மடி, வாலடி, பின் தொடைகளுக்கு நடுவே தடவிப் பாருங்கள். இரத்தம் குடித்து முடித்த ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது. தொழுவச் சுவரின் வெடிப்பைப் பூசி அடைக்க வேண்டும், குப்பையையும் அகற்ற வேண்டும். மருந்தின் அளவையும், மறுபடி எப்போது அடிப்பது, எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காப்பி நிறத்தில் சிறுநீர் போனாலோ, காய்ச்சலோடு தோள்பட்டைக்கு முன்னால் கழலை வீங்கினாலோ அன்றே அவரிடம் காட்டுங்கள். கலப்பினப் பசுக்கள் நாட்டு மாடுகளைவிட வேகமாக விழுந்துவிடும்.

நாய்க்கு விரலிடுக்கும் காது மடிப்பும் முக்கியம். ஈறு வெளுத்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ தாமதிக்க வேண்டாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், பூனை செத்துப்போகலாம்.

படி 5: காய்ச்சல் வந்தால்

ஸ்கிரப் டைபஸ் கடித்த அன்றே காய்ச்சலாக வருவதில்லை. 6 முதல் 21 நாள், பெரும்பாலும் 10 நாள் கழித்து வரும். அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள், ‘தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக்கொள்வீர்கள். கடும் தலைவலி, உடல்வலி, விடாத காய்ச்சல் என்றால் படி 2-இல் சொன்ன இடங்களை மறுபடி தேடுங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், வலியோ அரிப்போ இல்லை என்றால், நோய்க்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. எல்லோருக்கும் அது வராது. வந்தாலும் பல நேரம் கூச்சப்பட்டு மறைக்கும் இடத்திலேயே வரும். பெண்களே, அதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டத் தயங்காதீர்கள்.

மருத்துவரிடம் போனால் இரண்டு வாக்கியம் போதும்: “இத்தனை நாளுக்கு முன் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தேன், இந்த இடத்தில் பொருக்கு இருக்கிறது.” கேரளப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இதைச் ‘செள்ளுப்பனி’ என்பார்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்; கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். கடையில் காய்ச்சலுக்கென்று வாங்கும் அமாக்சிசிலினுக்கு இந்தக் கிருமி அசையாது. மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், பேச்சுக் குழறல் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கே போங்கள்.

நாய் உண்ணியால் வரும் காய்ச்சலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் தோன்றும். அதற்கும் இதே டாக்சிசைக்ளின்தான். வயநாட்டுப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அங்கும் வந்திருக்கிறது. அது வைரஸ், இந்த மாத்திரை கேட்காது. செத்த குரங்கைப் பார்த்தால் அருகில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஸ்கிரப் டைபஸ் வந்து குணமானவருக்கும் அடுத்த பருவத்தில் அது மறுபடி வரலாம். கிருமியில் பல வகை உண்டு, உடம்பின் எதிர்ப்பும் நீண்ட நாள் நிற்பதில்லை. காலுறைக்குள் கால்சட்டையைத் திணிப்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.