மேல்வாயில் வலிக்காத கட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலிக்கவில்லை, மெதுவாகத்தான் வளர்கிறது, அதனால் பயமில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. உதடு, கன்னம், மேல்வாய் (அண்ணம்) என வாய் எங்கும் 600 முதல் 1000 சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் கட்டி வருவது அபூர்வம். ஆனால் வந்தால் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும். காதருகே உள்ள பெரிய சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. "எனக்குப் புகையிலைப் பழக்கமே இல்லையே" என்பதும் இங்கே உதவாது. இந்தப் புற்றுநோய்கள் அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் வருகின்றன.

மேல்வாய் வீக்கத்தைப் பல்லில் சீழ் என்று முடிவுகட்டி, ஆன்டிபயாடிக் கொடுத்து, ரூட் கேனல் செய்து, கடைசியில் நல்ல பல்லையே பிடுங்கிவிடுவது மனதைப் பிசையும் தவறு. குளிர்ச்சி பட்டால் பல் உணர்கிறதா என்று பார்த்து, ஓர் எக்ஸ்ரேயும் எடுத்தால் போதும். பல் உயிரோடு இருந்து, ஈறும் நன்றாக இருந்தால் வீக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். கீழுதட்டில் நீலம் பாய்ந்த நீர்க்கொப்புளம் சகஜம். அதே தோற்றம் மேல்வாயிலோ கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாலோ வந்தால் மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்ற உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயாக இருக்கலாம். பயாப்சி, அதாவது ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது, இல்லாமல் சொல்ல முடியாது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, "சின்னக் கட்டிதானே" என்று எதுவும் தெரியாமலே தோண்டி எடுத்துவிடுவது. சாதாரணக் கட்டியான பிளியோமார்ஃபிக் அடினோமாவைக்கூட இப்படிப் பிதுக்கி எடுத்தால் துணுக்குகள் தங்கி, ஆண்டுகள் கழித்து மறுபடி வளரலாம். புற்றுநோயாக இருந்துவிட்டால், அடுத்து வரும் அறுவை மருத்துவருக்குக் கட்டியின் எல்லையே தெரியாமல் போகும். முடிந்தால் ஸ்கேனை முதலில் எடுக்க வேண்டும். பிறகு கட்டியின் நடுவிலிருந்து ஒரு துண்டு மட்டும். அந்தச் சிறு துண்டிலும் சில கட்டிகள் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், அனுபவமுள்ள நோயியல் நிபுணர் ஒருவர் பார்ப்பது அவசியம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நெக்ரோடைசிங் சயலோமெட்டாப்ளேசியா என்ற நோயில் மேல்வாயில் பள்ளமாகப் புண் விழும். நுண்ணோக்கியிலும் புற்றுநோய்போல ஏமாற்றும். ஆனால் பெரும்பாலும் 6 முதல் 10 வாரங்களில் தானாக ஆறிவிடும். இதைப் புற்றுநோய் என்று நம்பித் தேவையில்லாத பெரிய அறுவை சிகிச்சை செய்ததும் உண்டு.

இச்சுரப்பிகளில் வரும் இன்னொரு புற்றுநோயான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா நரம்பு வழியாகப் பரவும். மேல்வாயோ உதடோ மரத்துப்போனால் அதை லேசாக எடுக்கக் கூடாது. எலும்பைக் காட்ட சி.டி. போதும், நரம்பைப் பின்தொடர, மருந்து செலுத்தி மண்டையோட்டின் அடிப்பகுதி வரை எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். முதல் சிகிச்சை, சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து வெட்டி எடுப்பதுதான். பெரும்பாலும் அதன்பின் கதிர்வீச்சும் தேவைப்படும். கத்திக்குப் பயந்து கீமோதெரபியை மட்டும் நம்புவது சரியல்ல.

ஐந்து வருடம் ஆயிற்று, தப்பித்தோம் என்று பரிசோதனையை நிறுத்திவிடுகிறார்கள். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா 10, 15 ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டலாம். அதனால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நெஞ்சு ஸ்கேன் தொடரட்டும். பயாப்சி ஸ்லைடு, பிளாக் (திசுவை மெழுகில் பதித்த கட்டி), அறுவை சிகிச்சைக் குறிப்பு மூன்றையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், அடுத்தவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.